யூர்கன் க்ளோப்: சுமாரான ஆட்டக்காரர், பெரிய மேனேஜர். மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஒரு ஊரில் சாயங்கால நேரத்தில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். பந்து வயலில் விழுந்தால் வரப்பில் நடந்துதான் போய் எடுக்க வேண்டும், பயிரை மிதிக்கக் கூடாது. அதுதான் எங்கள் மைதானத்தின் முதல் சட்டம். ஆட்டம் முடிந்து கைகால் கழுவும்போது பேச்சு எப்படியும் க்ளோப்பிடம் வந்து நிற்கும், காரணம் நான்தான். பையன்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பாக்கள், டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த க்ளோப்? ஒரு வரியில் சொல்லுங்க சார்.

ஜெர்மனிக்காரர். 1967-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து, கருங்காட்டுப் பகுதியில் கிளாட்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். மைன்ஸ் என்ற சிறிய அணிக்கு 11 வருஷம் ஆடினார். பிறகு அதே மைன்ஸ், போருசியா டார்ட்மண்ட், லிவர்பூல் என மூன்று அணிகளுக்கு மேனேஜராக இருந்தார். கணக்குப் பார்த்தால் 2001 முதல் 2024 வரை. நடுவில் அவர் சும்மா இருந்தது சில மாதங்கள்தான்.

ஆட்டக்காரராக எப்படி? மெஸ்ஸி மாதிரியா?

இல்லவே இல்லை. ஜெர்மனியின் முதல் டிவிஷனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இரண்டாம் டிவிஷனில் மைன்ஸுக்காக 325 ஆட்டம், 52 கோல். உயரம் உண்டு, ஓட்டம் உண்டு, தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். காலில் பந்து நிற்காது. என் கால் நாலாம் டிவிஷன், தலை முதல் டிவிஷன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார்.

1991-இல் எர்ஃபுர்ட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டார். அப்படி ஒரு நாள் எல்லோருக்கும் வரும். மற்ற நாள்களில் எப்படி இருந்தார் என்பதற்கு இன்னொரு விவரம் போதும்: ஃபார்வர்டாக (முன்னால் நின்று கோல் அடிக்கும் இடம்) வந்தவரை 1995 வாக்கில் வலது பேக்குக்கு (பின்னால் நின்று தடுக்கும் இடம்) மாற்றிவிட்டார்கள்.

எங்கள் மைதானத்தில் ஃபார்வர்டை பேக்குக்கு அனுப்பினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். மறுநாள் வயிற்றுவலி என்று வரமாட்டான். நானும் 17 வயதில் அதைத்தான் செய்தேன். பின்னால் நின்றால் ஆட்டம் முழுக்கக் கண்ணுக்கு எதிரே விரிகிறது என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்து வருஷம் ஆனது. க்ளோப்புக்கு அது சீக்கிரமே உறைத்திருக்கிறது.

வீட்டில் வசதியா? முழு நேரமும் ஆட்டம்தானா?

அப்பா ஊர் ஊராகப் போய் வியாபாரம் பார்த்தவர். ஒரு காலத்தில் கோல்கீப்பர். மகனுக்கு முதல் கோச் அவர்தான். க்ளோப் மேனேஜர் ஆவதற்கு முன்பே, 2000-இல், அவர் இறந்துவிட்டார்.

பையனுக்கு முதலில் டாக்டர் ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் கோத்தே பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்துக்கொண்டே வீடியோ கேசட் வாடகைக் கடையில் வேலை பார்த்தார், லாரியில் சரக்கு ஏற்றினார். இருபதைத் தாண்டியதுமே கையில் குழந்தை. இதற்கு நடுவில் சின்னப் பையன்கள் அணி ஒன்றுக்குக் கோச் வேறு. பட்டம் 1995-இல் வாங்கினார். அப்போது மைன்ஸுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

அப்பாக்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் சத்தமாகவே மகன்களுக்குப் படித்துக் காட்டலாம்.

ஆட்டத்தைப் பற்றி யாரிடம் கற்றுக்கொண்டார்?

வோல்ஃப்காங் ஃப்ராங்க். மைன்ஸின் கோச். இந்தப் பெயர் நம் ஊரில் யாருக்கும் தெரியாது, ஜெர்மனியிலேயே ரொம்பப் பேருக்குத் தெரியாது. 2013-இல் காலமானார்.

அந்தக் காலத்து ஜெர்மன் அணிகளில் எல்லா பேக்குகளுக்கும் பின்னால் ஒருவர் தனியாக நிற்பார். லிபரோ என்பார்கள். மற்ற பேக்குகள் ஆளுக்கு ஒரு எதிராளியைப் பிடித்துக்கொண்டு அவன் போகிற இடத்துக்கெல்லாம் போவார்கள். இத்தாலியில் அரிகோ சாக்கி ஏ.சி. மிலான் அணியை வேறு மாதிரி ஆட வைத்திருந்தார்: நாலு பேக்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடிக்க வேண்டும், பந்து நகர்ந்தால் நாலு பேரும் சேர்ந்து நகர வேண்டும். ஃப்ராங்க் சாக்கியின் பக்தர். மிலான் ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுக் காட்டுவார். பயிற்சியில் பந்தே இல்லாமல் மணிக்கணக்கில் நகரச் சொல்வார். பட்டியலின் அடியில் கிடந்த மைன்ஸ் மளமளவென்று மேலே வந்தது.

க்ளோப்புக்குப் புரிந்தது இதுதான்: காலில் வித்தை குறைந்த 11 பேர் சரியான இடத்தில் நின்றால், வித்தைக்காரர்கள் 11 பேரை ஜெயிக்கலாம். தனக்கும் வித்தை இல்லை என்பதால் இதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இயல்பாகவே ஆட்டம் வருகிறவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராது.

நானும் பந்து இல்லாமல் நகரும் பயிற்சியை இங்கே செய்து பார்த்தேன். முதல் நாள் 18 பேர். மூன்றாம் நாள் 7 பேர். இப்போது கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆட்டக்காரர் ஒரே ராத்திரியில் மேனேஜர் ஆனார் என்பது நிஜமா?

கிட்டத்தட்ட. 2001 பிப்ரவரி கடைசி. மைன்ஸ் நகரம் முழுக்கக் கார்னிவல் கொண்டாட்டம். அங்கே அது நம்ம மகாமகக் கூட்டம் மாதிரி, ஊரே தெருவில்தான் இருக்கும். அணியோ மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும் நிலை. இருந்த கோச்சை அனுப்பிவிட்டார்கள். நிர்வாகி கிறிஸ்டியான் ஹைடல் வெளியில் யாரையும் தேடாமல், அணியின் வலது பேக்கையே கூப்பிட்டு நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். க்ளோப் யோசிக்கக்கூட இல்லை. 33 வயது.

பிப்ரவரி 27-இல் பொறுப்பு, 28-இல் முதல் ஆட்டம். டுய்ஸ்பர்க்கை 1-0 என்று ஜெயித்தார்கள். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. இறங்காமல் தப்பித்தார்கள்.

இதில் கஷ்டமான இடம் எது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வரை 'டேய்' என்று தோளில் கை போட்டவனை, புதன்கிழமை நீ இன்று ஆடவில்லை, வெளியே உட்கார் என்று சொல்ல வேண்டும். கூட ஆடியவர்களுக்கே கோச் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

உடனே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாரா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். உட்காருங்கள்.

2002: முதல் டிவிஷனுக்கு ஏற மூன்று இடம். கடைசி நாளில் மைன்ஸ் தோற்று நாலாம் இடம். ஒரு புள்ளி குறைவு.

2003: மறுபடியும் கடைசி நாள். பிரவுன்ஷ்வைக்கில் மைன்ஸ் 4-1 என்று ஜெயித்துவிட்டது. ஆட்டம் முடிந்து, ஏறிவிட்டோமா என்று தெரியாமல் மைதானத்திலேயே நிற்கிறார்கள். வேறு ஊரில் ஃபிராங்ஃபர்ட் ஆட்டம் இன்னும் முடியவில்லை. அங்கே 3-3 என்று இருந்தது, கடைசி நிமிஷங்களில் 4 ஆகி, 5 ஆகி, கூடுதல் நேரத்தில் 6-3 ஆனது. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஒரே ஒரு கோல் கூடுதல். மைன்ஸ் மறுபடியும் நாலாம் இடம்.

இதை நான் சொல்லும்போது பையன்கள் 'அய்யய்யோ' என்பார்கள். சம்பா கதிர் முற்றி, நாளைக்கு அறுப்பு மெஷின் வரும் என்று இருக்கும்போது மழை பிடித்துக்கொண்ட வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுவருஷம் க்ளோப் திரும்ப வந்தார். 2004-இலும் கடைசி நாள்தான். ட்ரியர் அணியை 3-0 என்று ஜெயித்து, மூன்றாம் இடம் பிடித்து, மைன்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக முதல் டிவிஷன் போனது. அங்கே இருந்த அணிகளில் மிகக் குறைந்த பணமும் மிகச் சின்ன ஸ்டேடியமும் இவர்களுடையதுதான். இரண்டு வருஷம் 11-ஆம் இடம், மூன்றாம் வருஷம் இறங்கிவிட்டார்கள். 2008-இல் மறுபடியும் ஏற முடியாமல் போனதும், 18 வருஷம் இருந்த ஊரை விட்டு அழுதுகொண்டே கிளம்பினார்.

டார்ட்மண்டில் என்ன செய்தார்?

2005-இல் திவாலாகும் நிலைக்குப் போய்த் தப்பித்த பெரிய அணி அது. 2008-இல் க்ளோப் வரும்போது 13-ஆம் இடத்தில் முடித்திருந்தது. பணம் இல்லாததால் சின்னப் பையன்களை வைத்து ஆட்டினார். முந்தைய வருஷம் வரை ஜப்பானின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஷின்ஜி ககாவாவை 3.5 லட்சம் யூரோவுக்கு வாங்கினார்கள். கால்பந்துச் சந்தையில் அது வெற்றிலை பாக்குக் காசு. 2011-இல் லீக் பட்டம். 2012-இல் மறுபடியும், அப்போதைய சாதனையாக 81 புள்ளிகளுடன். அந்த வருஷம் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கை 5-2 என்று அடித்தார்கள். ஐரோப்பிய கிளப் அணிகளின் பெரிய போட்டி சாம்பியன்ஸ் லீக். 2013-இல் அதன் இறுதியாட்டத்தில் அதே பயர்னிடம் 1-2 தோல்வி.

கடைசி வருஷம் மோசம். 2015 பிப்ரவரியில் டார்ட்மண்ட் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. பிறகு தட்டுத்தடுமாறி ஏழாம் இடம் வந்தார்கள்.

'கேகன்பிரஸிங்' என்கிறார்களே, அப்படி என்றால்?

கோடையில் வாய்க்கால் வற்றும்போது மீன் பிடித்திருக்கிறீர்களா? ஒருவன் இறங்கிக் கலக்குவான். மற்றவர்கள் மீன் ஓடக்கூடிய வழிகளில் காலை அகட்டிக்கொண்டு, கையை வைத்து நிற்பார்கள். எல்லோரும் சேர்ந்து கலக்கினால் மீன் போய்விடும், யாருமே கலக்காவிட்டாலும் கிடைக்காது. அதுதான் இது.

பந்து நம்மிடம் இருந்து போய்விட்டது. வழக்கமாக என்ன செய்வோம்? பின்னால் ஓடிப்போய்க் கோலைக் காப்போம். க்ளோப் அணி ஓடாது. பந்து போன அந்த நொடியிலேயே பக்கத்தில் இருப்பவன் பாய்வான், மற்ற மூன்று நாலு பேர் எதிராளி பாஸ் கொடுக்கக்கூடிய வழிகளை அடைப்பார்கள். பந்தைப் பிடுங்கியவன் அப்போதுதான் தலையைத் தூக்கப் பார்ப்பான், அவன் ஆட்கள் எல்லாம் முன்னால் ஓடத் தொடங்கியிருப்பார்கள், பின்னால் கதவு திறந்து கிடக்கும். அங்கே பந்து திரும்பக் கிடைத்தால் இரண்டு பாஸில் கோல். உலகத்தில் எந்தப் பெரிய பிளேமேக்கரும் இதைவிட நல்ல வாய்ப்பை உருவாக்க முடியாது என்பது க்ளோப் கட்சி.

ஐந்தாறு நொடிக்குள் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். எங்கள் பையன்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவன் பாய்வான், மற்றவன் ஜெர்சியால் முகம் துடைத்துக்கொண்டிருப்பான்.

லிவர்பூலுக்கு வந்தபோது 'நான் சாதாரணமானவன்' என்று சொன்னது எதற்கு?

2015 அக்டோபர். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால், மொரீன்யோ என்ற இன்னொரு மேனேஜர் இங்கிலாந்துக்கு வந்தபோது 'நான் விசேஷமானவன்' என்று சொல்லியிருந்தார். நீங்கள் எப்படி என்று க்ளோப்பிடம் கேட்டார்கள். கருங்காட்டுக்காரர், வீட்டில் அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஆரம்பித்து, 'நான் சாதாரணமானவன்' என்று முடித்தார்.

லிவர்பூல் அப்போது 10-ஆம் இடத்தில் இருந்தது. லீக் பட்டம் வாங்கி 25 வருஷம் ஆகியிருந்தது.

ஃபைனலில் தோற்பவர் என்று ஒரு பேர் இருந்ததாமே?

இருந்தது. 2013 முதல் 2018 வரை ஆறு பெரிய இறுதியாட்டங்கள் வரிசையாகத் தோல்வி. டார்ட்மண்டில் மூன்று, லிவர்பூலில் மூன்று. டீக்கடையில் இதைச் சொல்லி என்னை ரொம்பவே ஓட்டினார்கள். ஆறு இறுதியாட்டத்துக்குப் போக எத்தனை அரையிறுதி ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால் டீயைப் பார்ப்பார்கள்.

2019 பார்சிலோனா ஆட்டத்தைச் சொல்லுங்க. (இதை மாதம் ஒருமுறை கேட்பார்கள்.)

சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவில் 0-3. இரண்டாவது ஆட்டம் மே 7, லிவர்பூலில். நமக்கு அது நள்ளிரவு 12.30. கத்திரி வெயில் காலம், மொட்டை மாடியில் பாய் போட்டு, ஒரு போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து ஆறு பேர் பார்த்தோம். லிவர்பூலின் ஃபார்வர்டுகள் சலாவும் ஃபிர்மினோவும் காயத்தால் இல்லை. நாலு கோல் வேண்டும், எதிரில் மெஸ்ஸி.

ஒரிகி ஒன்று போட்டார். இடைவேளையில் இறங்கிய வைனால்டம் இரண்டே நிமிஷத்தில் இரண்டு போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3. அப்புறம் 79-ஆவது நிமிஷம் அந்தக் கார்னர். பந்து வெளியே போனதும் பார்சிலோனா ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்கள், முணுமுணுப்பார்கள் என்று லிவர்பூல் முன்பே கவனித்திருந்தது. பந்து எடுத்துப் போடும் பையன்களிடம் சீக்கிரம் போடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் பந்தைச் சட்டென்று போட்டான். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் கார்னரை விட்டு விலகுகிற மாதிரி இரண்டு எட்டு நடந்து, திரும்பி ஓடி வந்து அடித்தார். கோல் ஏரியாவில் பார்சிலோனாக்காரர்கள் பந்தைப் பார்க்கவே இல்லை. ஒரிகி அடித்து 4-0. எங்கள் மாடியிலும் பாதிப் பேர் பார்க்கவில்லை. ஒருவன் தண்ணீர் குடிக்கக் குடத்தை நகர்த்தியிருந்தான், போன் கவிழ்ந்து கிடந்தது.

மாட்ரிடில் நடந்த இறுதியாட்டத்தில் டாட்டன்ஹாமை 2-0 என்று ஜெயித்துக் கோப்பை வந்தது. ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை, அது வேறு விஷயம்.

லீக் பட்டம்?

அதே 2018-19 லீக்கில் 97 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம். மான்செஸ்டர் சிட்டி 98. அந்த வருஷம் லிவர்பூல் தோற்றது ஒரே ஆட்டம், அதுவும் சிட்டியிடம். அந்த ஆட்டத்தில் லிவர்பூல் அடித்த பந்து கோட்டை முழுசாகத் தாண்ட ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் பாக்கி இருந்தபோது ஒரு பேக் அதை எட்டி உதைத்துவிட்டார். மைன்ஸில் ஒரு கோல், இங்கே ஒரு சென்டிமீட்டர்.

மறுவருஷம் 99 புள்ளி. 18 புள்ளி வித்தியாசத்தில் பட்டம், 30 வருஷத்துக்குப் பிறகு. கொரோனா காலம், ஸ்டேடியத்தில் ஈ காக்கை இல்லை.

நல்ல ஆட்டக்காரராக இருந்தால்தான் நல்ல மேனேஜராக முடியுமா?

சாக்கி தொழில்முறை ஆட்டக்காரரே கிடையாது, செருப்பு விற்றவர். அதைக் குத்திக்காட்டியபோது, 'குதிரை ஓட்ட முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது' என்றார். மறுபக்கம், பெக்கன்பவர் 1974-இல் கேப்டனாகவும் 1990-இல் மேனேஜராகவும் உலகக் கோப்பை வாங்கினார். ஆன்செலோட்டி மிலானுக்கு ஆடி இரண்டு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்), மேனேஜராக ஐந்து. மரடோனா? 2010-இல் அவர் நடத்திய அர்ஜென்டினா, ஜெர்மனியிடம் 0-4 வாங்கியது. ஆக, இதற்கு விதி எதுவும் கிடையாது. ஆனால் மரடோனாவுக்கு எப்படி அடிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் அதை இன்னொருவருக்கு எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

நம்ம நாட்டில் அப்படி யாராவது?

பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கேப்டன். பிறகு கோச்சாகக் கொல்கத்தாவையே ஆட்டி வைத்தார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்த ஈஸ்ட் பெங்கால் அணி அவருடையது. அதே ரோம் அணியில் ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரளம் முதன்முதலாக மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபி வாங்கியபோது அதன் கோச். கேரளத்துக்காரர்கள் கொண்டாடுகிற அளவு அவரை நாம் கொண்டாடவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என் மகன் கோச் ஆக வேண்டும் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸிலிருந்து. 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலச் சங்கம் மூலமாக நடக்கும். அப்புறம் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. அரசு வேலை மனசில் இருந்தால் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பட்டயத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அவனை இங்கே ஆறு மாதம் பத்து வயதுப் பையன்களைப் பார்த்துக்கொள்ள அனுப்புங்கள். அழுகிற பையனைச் சமாளிக்கிறானா, பந்துக்குக் காற்றடிக்கிறானா, வரவேண்டிய நேரத்துக்கு வருகிறானா என்று பார்த்துவிடலாம்.

வசதி இல்லாத இடத்தில் க்ளோப்பிடமிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

த்ரோ, அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவது. 2018-இல் லிவர்பூல் த்ரோவுக்கு மட்டும் தாமஸ் குரோனமார்க் என்று ஒரு கோச்சை வைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை த்ரோ வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கத்து வாய்க்கால்கூட அதற்கு ஒத்தாசைதான்: கரையில் நின்று எதிர்க்கரைக்கு எறிகிற பயிற்சி. தண்ணீரில் விழுந்தால் அவனே இறங்கி எடுக்க வேண்டும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பயிற்சி கிடையாது, பந்து அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இப்போது க்ளோப் எங்கே?

சக்தி தீர்ந்துவிட்டது என்று சொல்லி 2024 மே மாதம் லிவர்பூலை விட்டார். கடைசி ஆட்டம் வுல்வ்ஸுடன், 2-0. 2025 ஜனவரியிலிருந்து ரெட் புல் குழுமத்தின் கால்பந்து அணிகளுக்கெல்லாம் மேற்பார்வைப் பொறுப்பு. கோட்டோரம் நின்று கத்துகிற வேலை கிடையாது. டார்ட்மண்ட் ரசிகர்கள் சிலருக்கு ரெட் புல் என்றாலே ஆகாது, அவர்கள் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் மைதானத்தில் பயிற்சி எத்தனை மணிக்கு?

தினமும் நாலரை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் கிடையாது. ஸ்டட் ஷூ கட்டாயம் இல்லை. கஜா புயலில் போன கோல் போஸ்டுக்குப் பதிலாகச் சவுக்குக் கம்பம் நட்டிருக்கிறோம், மேல் கம்பம் கொஞ்சம் தொய்ந்திருக்கும். கோல்கீப்பர்கள் அதில் தொங்கக் கூடாது.